மூலம் எங்கே? இடைக்கால ஆங்கிலச் சமையலுக்கு இரண்டு புத்தகங்கள்

இடைக்கால இங்கிலாந்துச் சாப்பாட்டை இன்றைய அடுப்பில் சமைக்கச் சொல்லித் தரும் இரண்டு புத்தகங்கள் 1976-இல் வெளிவந்தன. ஒன்று மேடலின் காஸ்மனின் ‘ஃபேபுலஸ் ஃபீஸ்ட்ஸ்’. மற்றொன்று கான்ஸ்டன்ஸ் ஹையட்டும் ஷாரன் பட்லரும் எழுதிய ‘ப்ளெய்ன் டெலிட்’. புரட்டிப் பார்த்தால் மனம் முதல் புத்தகத்தில்தான் விழும். அழகான படங்கள், விருந்துக்கூடச் சடங்குகள் என்று அள்ளிக் கொடுத்திருக்கிறார் காஸ்மன். சமைப்பதற்கு நம்பலாமா என்றால், அங்கேதான் சிக்கல்.

இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் தலைமைச் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த ‘ஃபோர்ம் ஆஃப் க்யூரி’யில் ஒரு கோழிக் குறிப்பு உண்டு. பார்ஸ்லி, சேஜ் இரண்டு தழைகள் மட்டும், வேறெதுவும் கூடாது. கூடவே பூண்டும் திராட்சையும். எல்லாவற்றையும் கோழிக்குள் நிறைய அடைத்து, நல்ல சாற்றில் வேகவைத்து, பரிமாறும்போது ‘பவுடர் டூஸ்’ என்ற இனிப்பு மசாலாப் பொடியைத் தூவ வேண்டும். அவ்வளவுதான். எத்தனை பல் பூண்டு, எவ்வளவு நேரம், அந்தப் பொடியில் என்னென்ன என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆக, இன்றைய புத்தகத்தில் ‘முக்கால் மணி நேரம்’ என்று இருந்தால் அது எழுதியவரின் ஊகம். ஊகிப்பதில் தப்பில்லை, அது ஊகம் என்று நமக்குத் தெரிந்தால் சரி.

‘ப்ளெய்ன் டெலிட்’ மூலக் குறிப்பை அப்படியே அச்சிட்டு, அதன்கீழ் தன் செய்முறையைத் தருகிறது. தைம் தழை கூடுதலாக நுழைந்தாலோ, வேகவைப்பது வறுப்பதாக மாறினாலோ நாமே பிடித்துவிடலாம். காஸ்மன் மூலத்தைத் தருவதில்லை. அவர் படித்த பேராசிரியர்தான். ஆனாலும் எது பழைய சமையல்காரர் சொன்னது, எது அவர் சேர்த்தது என்று பிரிக்க வழியே இல்லை.

ஒரு புத்தகத்தின் செய்முறைகளில் உருளைக்கிழங்கோ தக்காளியோ இருக்கிறதா என்று பார்ப்பது மிகச் சுலபமான சோதனை; இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில்தான் ஐரோப்பாவுக்கு வந்தன. பழைய ஆங்கிலேயர் கெட்ட இறைச்சியின் நாற்றத்தை மறைக்கவே மசாலா போட்டார்கள் என்று முன்னுரை சொன்னாலும் உஷாராகிவிடுங்கள். கடல் கடந்து வந்த மிளகை வாங்க வசதியுள்ளவனுக்கு நல்ல இறைச்சியா கிடைக்காது?

மாற்றுப்பொருள் சொல்லும் இடத்தையும் கவனிக்க வேண்டும். ‘ஃபோர்ம் ஆஃப் க்யூரி’யில் வரும் ‘கேலன்டைன்’ சாஸில் ரொட்டி ஓடு, அரத்தை, பட்டை, இஞ்சி, உப்பு, வினிகர் சேர்கின்றன. அரத்தை கிடைக்காவிட்டால் இஞ்சியையே கூட்டிப் போடச் சொல்லும் ஆங்கிலப் புத்தகங்கள் உண்டு. நமக்கு அந்தச் சமரசம் எதற்கு? நாட்டு மருந்துக் கடையில் அரத்தை சுலபமாகக் கிடைக்கும்.

யார் செய்முறையும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு ஹையட்டும் பட்லரும் 1985-இல் பதிப்பித்த ‘க்யூரி ஆன் இங்லிஷ்’ இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டுக் குறிப்புகளும் சொற்பொருளும்தான். பழைய ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும்.

என் ஓட்டு ‘ப்ளெய்ன் டெலிட்’டுக்கு. வாங்கினால் பிரெண்டா ஹாசிங்டனும் சேர்ந்து திருத்திய 1996 பதிப்பைத் தேடி வாங்குங்கள். காஸ்மன் புத்தகம் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தால், படங்களுக்காக எடுத்துக்கொள்ளலாம்.