கீதையா, சிவபுராணமா, ஜபமாலையா: தினம் இருபது நிமிடத்துக்கு எது?

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்து, மூன்றையும் ஒரே மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். பெருமையில் மூன்றுக்கும் குறைவில்லை. எது எந்த இடத்தில் நழுவும் என்று தெரிந்துகொண்டால், எதை முதலில் பிடிப்பது என்பது தானே விளங்கிவிடும்.

கீதையில் 18 அத்தியாயங்கள், 700 சுலோகங்கள். தினம் இரண்டு என்றால் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். கணக்கு சரி, நடைமுறை அப்படி இல்லை. முதல் அத்தியாயம் படைவீரர் பெயர்களிலும் சங்குகளிலும் பாதி போய்விடும். இரண்டாவதில் 72 சுலோகங்களுக்குள் ஆத்மா, கர்மயோகம், ஸ்திதப்பிரக்ஞன் (அறிவு நிலைபெற்றவன்) என்று அடுத்தடுத்துக் கனமான விஷயங்கள். புத்தகத்தை மூடுவது இங்கேதான். அதனால் 12ஆம் அத்தியாயத்தில் தொடங்குங்கள், இருபதே சுலோகங்கள். அதில் 8 முதல் 11 வரை கண்ணன் படிப்படியாக இறங்கி வருகிறான்: மனதை என்னிடம் வை, முடியாவிட்டால் பழகு, அதுவும் முடியாவிட்டால் எனக்காகச் செயல் செய், அதற்கும் இயலாதென்றால் பலனையாவது விடு. 13இலிருந்து பக்தனின் குணங்கள் வரும். நாளுக்கு ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு, அன்று அது எங்கே தவறியது என்று இரவில் ஒரு வரி எழுதுவது போதும். இதைச் செய்யாத வாசிப்பு தலையில் தங்கும், கோபம் வரும்போது துணைக்கு வராது. இன்னொன்று: சங்கரர், ராமானுஜர், மத்வர் மூவரின் உரைகளும் மூன்று தத்துவங்கள். முதல் சுற்றில் ஒன்றோடு நில்லுங்கள்.

ஜபம் பார்க்க மிக எளிது. ‘நமசிவாய’ ஒரு மாலைக்கு நாலைந்து நிமிடம்தான். மாலையில் 108 மணிகள், மாலையின் தொடக்கத்தைக் காட்டத் தனியே மேரு மணி ஒன்று. நடுவிரல்மேல் மாலையைப் போட்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாக உள்நோக்கித் தள்ளுவது வழக்கம். ஆள்காட்டி விரல் படாது. மேருவைத் தாண்டாமல், அங்கே மாலையைத் திருப்பிக்கொண்டு மீண்டும் வர வேண்டும். கயிறு இறுக்கமாக இருந்தால் மணி நகராது, கவனம் முழுக்க விரலுக்குப் போய்விடும். மணிகளுக்கிடையே சிறு முடிச்சுள்ள மாலை வசதி.

ஆனாலும் மூன்றில் கடினமானது இதுதான். பிடித்துக்கொள்ள ஒரே சொல், வேறெதுவும் இல்லை. சில நாளில் நாக்கு தானாக ஓடும், மனம் கடைவீதிக்குப் போயிருக்கும். வாய்விட்டுச் சொல்வது, உதடு மட்டும் அசைவது, மனதுக்குள் சொல்வது என்று மூன்று வகை உண்டு. மூன்றாவதே உயர்ந்தது என்று கேள்விப்பட்டு நேரே அங்கே போகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தூக்கம். மெல்லிய குரலில் தொடங்குங்கள்; மனம் ஓடினால் குரலைச் சற்று உயர்த்துங்கள். எண்ணிக்கையைக் கூட்டும் ஆசை வந்தால் வேகம் கூடும், எழுத்துகள் உருண்டுவிடும். நாமங்களுக்குத் தடையில்லை, பீஜ மந்திரங்களை (ஓரசை விதை ஒலிகளை) குருவிடம் உபதேசம் பெற்றே சொல்வது மரபு.

சிவபுராணம் என்று இங்கே சொல்வது மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் முதல் பாட்டை. அதில் 95 அடிகள். நிதானமாக ஓதினாலும் சுமார் பத்து நிமிடம்தான். முதல் ஐந்து அடிகள் ‘வாழ்க’, அடுத்த ஐந்து ‘வெல்க’, அடுத்த ஆறு ‘போற்றி’ என்று முடிவதால் பதினாறு அடிகள் இரண்டு மூன்று நாளில் வாய்க்கு வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகு. இறைவனை அழைக்கும் விளிகள் வரிசையாக வரும் இடங்களில் அடி மாறிப்போகும். அதற்கு எதுகையைப் பிடியுங்கள்: புல்லாகி, பல்விருகம், கல்லாய், வல்லசுரர் என்று இரண்டாம் எழுத்தே அடுத்த அடியை எடுத்துக்கொடுக்கும். நாளுக்கு நான்கு அடி போதும். முந்தைய நாளின் நான்கை ஓதிவிட்டுப் புதியதற்குப் போக வேண்டும். ஒலிப்பதிவோடு சேர்ந்து பாடியே பழகியவர்களுக்குப் பதிவு நின்றால் பாட்டும் நின்றுவிடும். ஆகவே ஒருமுறை கேட்டு, ஒருமுறை பார்த்து, ஒருமுறை பாராமல் ஓதுங்கள்.

இங்கே நழுவும் இடம் பொருள். மனப்பாடம் ஆனதும் உரையைத் திறக்கவே தோன்றாது. பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவாரைப் பற்றித்தான் மணிவாசகரே கடைசி அடிகளில் பேசுகிறார். வாரம் ஒரு நாள் ஓதலை நிறுத்திவிட்டு, பத்து அடிகளுக்கு உரை படிக்கலாம்.

முதலில் சிவபுராணத்தைப் பிடியுங்கள் என்பதே எங்கள் கருத்து. வாய்க்கும் வேலை, காதுக்கும் வேலை, யோசிக்கவும் பொருள் உண்டு. மனம் ஓடினால் அடி தவறும், தவறியது உடனே தெரியும். ஜபத்தில் அது தெரியாது. வைணவர்கள் இதே முறையில் திருப்பாவையின் 30 பாசுரங்களை நாளுக்கு ஐந்தாக எடுத்துக்கொள்ளலாம். அம்பாளை வழிபடுவோருக்கு அபிராமி அந்தாதி. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வருவதால் மறதிக்கு இடம் குறைவு.

95 அடியும் பாராமல் வந்த பிறகு ஓதல் பத்து நிமிடம், அதன் பின்னே ஒரு மாலை. குரல் அடங்கிய நேரத்தில் ஜபம் எளிதாக நிற்கும். கீதையை இதனுடன் நெருக்காமல் விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.