ரஷ்யன் பேசப் பழக: சோவியத் படமா, யூடியூப் பேட்டியா, ரயில் பெட்டியா?

ரஷ்யாவில் எந்த ஊருக்குப் போனாலும் 'பியாத்யோரச்கா' சூப்பர்மார்க்கெட் ஒன்று கண்ணில் படும். பில் போடும் அம்மா தலை நிமிராமல் ஒரே மூச்சில் கேட்பார்: "பகேத் நூஜின், கார்த்தா யெஸ்த்?" பை வேண்டுமா, கடை கார்டு இருக்கிறதா, அவ்வளவுதான். நான்குமே ஆரம்பப் பாடங்களில் வந்துவிடுகிற சொற்கள். ஆனாலும் ஒரு வருடம் வகுப்புக்குப் போனவர்கூட முதல் தடவை திருதிருவென்று விழிப்பார். இந்த வேகத்தில், இந்த முணுமுணுப்பில் அவை அவர் காதில் விழுந்ததே இல்லை.

ரஷ்யனில் அழுத்தம் விழாத உயிரொலிகள் தேய்ந்துவிடும். பாலை 'மொலொகோ' என்று எழுதி 'மலகோ' என்று சொல்ல வேண்டும் என்பதை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லித்தரும். அதற்கு அடுத்த படியைத்தான் பல புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. 'இப்போது' என்று பொருள்படும் 'சிய்ச்சாஸ்' வீட்டுப் பேச்சில் 'ஷாஸ்' ஆகிவிடும். ஆயிரத்தைக் குறிக்கும் 'தீஸிச்ச' சந்தையில் 'தீஷ்ச'. அலெக்ஸாந்தர் அலெக்ஸாந்த்ரவிச் என்று முழ நீளத்துக்கு எழுதப்படும் மனிதர் அலுவலகத்தில் 'சான் சானிச்'. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துட்டிருக்கேன்' என்று பேசுகிற நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. கேட்டுப் பழக வேண்டும், அவ்வளவே. எதைக் கேட்டுப் பழகுவது என்பதில்தான் ஆளுக்கொரு சிபாரிசு வைத்திருக்கிறார்கள்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது சோவியத் காலத்துப் படங்களை. மாஸ்ஃபிலிம் ஸ்டுடியோ தன் பழைய படங்களை யூடியூபில் இலவசமாகவே ஏற்றியிருக்கிறது, பலவற்றுக்கு சப்டைட்டிலும் உண்டு. படங்களும் நல்ல படங்கள். இவை கற்பவர்களுக்கு இவ்வளவு எளிதாகப் புரிய ஒரு காரணம் இருக்கிறது. நடிகர்களில் பெரும்பாலோர் நாடகப் பள்ளியில் மேடைப் பேச்சுப் பயிற்சி எடுத்தவர்கள். போதாக்குறைக்கு, வசனங்களைப் படப்பிடிப்புக்குப் பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து மறுபடி பதிவு செய்வது அப்போது சகஜம். அதனால் தெருச் சத்தத்துக்கு நடுவே பேசினாலும் ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று விழும்.

எல்தார் ரியாஸானவ் இயக்கிய 'விதியின் விளையாட்டு' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சியில் முதலில் ஒளிபரப்பானது. அன்றுமுதல் புத்தாண்டு என்றால் இந்தப் படம் என்றாகிவிட்டது. கதாநாயகி நாத்யா லெனின்கிராதில் ரஷ்ய மொழி ஆசிரியை. நடித்தவரோ பார்பரா பிரில்ஸ்கா என்ற போலந்து நடிகை. அவருடைய ரஷ்யனில் போலிஷ் வாடை இருந்ததால் வலென்தினா தலீஸினா குரல் கொடுத்தார். அதே தலீஸினா படத்தில் நாத்யாவின் தோழியாகவும் வருகிறார், ஆகவே தோழிகள் இருவரும் பேசும்போது நம் காதில் விழுவது ஒரே தொண்டை. பாடல்களுக்கு இன்னொரு குரல், அது அல்லா புகச்சோவாவுடையது. 'இயல்பான ரஷ்யன்' என்று நாம் மனப்பாடம் செய்கிற அந்த ஆசிரியையின் பேச்சு மூன்று பெண்களைக் கொண்டு கட்டியது. படத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஆனால் இந்த ரஷ்யன் மட்டுமே பழகிய காது பியாத்யோரச்கா கவுன்ட்டரில் தோற்றுப்போகும்.

காலமும் ஒரு சிக்கல். அந்தப் படங்களில் முன்பின் தெரியாத ஆளை 'தவாரிஷ்', அதாவது தோழரே என்று அழைப்பார்கள். இன்று ராணுவத்துக்கு வெளியே அப்படிக் கூப்பிட்டால் கிண்டல் என்று நினைப்பார்கள். கடையில், பேருந்தில் இப்போது புழங்குவது 'ஜேவுஷ்க' என்கிற பெண்ணே, 'மலதோய் செலவேக்' என்கிற இளைஞரே. ஐம்பது வயதுப் பெண்மணியையும் 'பெண்ணே' என்று கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். மாறாக இருபத்தைந்து வயதுக்காரரை 'ழென்ஷின' என்று, அதாவது 'பெண்மணி' என்று அழைத்தால் முகம் மாறிவிடும்.

இருந்தும் சோவியத் படங்களை ஒதுக்க முடியாது. ரஷ்யர்கள் சினிமா வசனத்தில் பேசுகிறவர்கள். வடிவேலு வசனம் தெரியாமல் தமிழ்நாட்டில் நண்பர்கள் கூட்டத்தில் உட்கார்ந்தால் எப்படியோ, கைதாய், ரியாஸானவ் என்ற இயக்குநர்களின் நகைச்சுவைப் படங்கள் தெரியாமல் ரஷ்யர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்வதும் அப்படித்தான். எல்லாரும் சிரிப்பார்கள், நீங்கள் மட்டும் சாலட்டைக் கிளறிக்கொண்டிருப்பீர்கள். மூன்று நான்கு படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் போதும். கைதாயின் 1973 படத்தில் பழைய ரஷ்ய மன்னன் இவான் கொடுங்கோலன் மாஸ்கோ அடுக்குமாடி வீட்டுக்குள் வந்து நின்று பழங்கால மொழியில் பேசுவான். அதை ரசியுங்கள், கடைவீதியில் முயற்சி செய்யாதீர்கள்.

கார்ட்டூன் விஷயத்தில் நிறையப் பேர் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்கிறார்கள். பட்டியல் தவறாமல் இடம்பெறும் 'நூ, பகஜீ!' தொடரில் ஓநாயும் முயலும் துரத்திப் பிடித்து விளையாடும், பேச்சு என்று பார்த்தால் கிட்டத்தட்ட தலைப்பு மட்டும்தான். 'மாஷாவும் கரடியும்' தொடரில் கரடி பேசாது, மாஷா மழலை பேசுவாள். இவற்றைவிட 1978இல் தொடங்கிய 'ப்ரஸ்தக்வாஷினோ' எவ்வளவோ மேல். சோவியத் காலத்தில் வந்தவை மூன்று படங்கள், ஒவ்வொன்றும் இருபது நிமிடம்போல ஓடும். அலேக் தபாகவ் குரலில் பூனை மத்ரோஸ்கின் பேசுகிற கணக்கு வழக்கெல்லாம் சுத்தமான குடும்பப் பேச்சு.

புதிய சீரியல்களில் பேச்சு இன்னும் நெருங்கி வருகிறது. 2012இல் தொடங்கிய 'கூஹ்ன்யா' ஒரு மாஸ்கோ உணவகத்தின் சமையற்கட்டில் நடக்கிறது. 2010இல் தொடங்கிய 'இன்டெர்னி' மருத்துவமனையில். மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது ஒரு வரப்பிரசாதம். டாக்டர் பீகவ் பயிற்சி மருத்துவர்களை வறுத்தெடுக்கும் போக்கில் ரத்த அழுத்தம், எக்ஸ்ரே, நோயறிதல் என்று வார்டில் புழங்கும் சொற்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஒரு குறை உண்டு: நகைச்சுவைத் தொடர்களில் யாரும் வாக்கியத்தைப் பாதியில் விடுவதில்லை, ஒவ்வொரு பதிலும் பஞ்ச் வசனமாகத்தான் வரும். 2023இல் வந்த 'பையனின் வாக்கு' தொடரின் கொச்சை வழக்கைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு பழகுங்கள். அது 1980களின் கசான் தெருக்கும்பல் மொழி. தொடர் வந்ததும் பள்ளிப் பிள்ளைகள்கூட அதைப் பேச ஆரம்பித்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் பேராசிரியரிடம் அதைக் காட்ட வேண்டாம்.

என் ஓட்டு நீண்ட நேர்காணல்களுக்கு. யூரி துத் 2017இல் ஆரம்பித்த யூடியூப் பேட்டிகள் இதற்கு நல்ல உதாரணம். ராப் பாடகர், நடிகர், விஞ்ஞானி என்று பலதரப்பட்ட ஆட்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறார்கள். 2022இல் ரஷ்ய அரசு அவரை 'வெளிநாட்டு ஏஜென்ட்' பட்டியலில் சேர்த்தது, 2024இல் ரஷ்யாவுக்குள் யூடியூபே முக்கி முனகி ஓடத் தொடங்கியது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து பார்க்கிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அரசியலே வேண்டாம் என்றால் கார் ரிப்பேர், சமையல், மீன்பிடிப்பு என்று எந்த ஆசாமி கேமரா முன்னால் நின்று எழுதி வைக்காமல் பேசினாலும் சரிதான்.

ஏன் இதற்கு முதலிடம் என்றால், எழுதி வைக்காத பேச்சில்தான் மனிதர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு கேள்விக்குப் பதில் 'நூ...' என்று இழுத்துத் தொடங்கும். நடுவே 'வோத்', 'காக் பீ', 'தீப்ப', 'கரோச்சே' என்று நிரவிக்கொண்டே போகும். வாக்கியம் பாதியில் உடையும், வேறு வேற்றுமை உருபோடு புதிதாகத் தொடங்கும். 'ஆங், வந்து, அதாவது' இல்லாமல் நாம் பேசுவோமா? இந்த இட்டு நிரப்பும் சொற்கள் வாய்க்கு வந்துவிட்டால் யோசிக்க நேரம் கிடைக்கும், பேச்சும் மனிதப் பேச்சாக இருக்கும். வேற்றுமையைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி: எட்டு வேற்றுமையோடு வளர்ந்தவர்களுக்கு ரஷ்யனின் ஆறு ஒரு பயமே இல்லை. கஷ்டமெல்லாம் வேகத்தில்தான்.

மூன்று மணி நேரப் பேட்டியை முழுதாகப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நடுவிலிருந்து இரண்டு நிமிடம் வெட்டிக்கொள்ளுங்கள். சப்டைட்டிலை அணைத்துவிட்டு, காதில் விழுவதை விழுந்தபடியே எழுதுங்கள். அப்புறம் யூடியூப் தானாகப் போடும் ரஷ்ய சப்டைட்டிலோடு ஒப்பிடுங்கள். நீங்கள் எழுதியதில் ஓட்டை விழுந்த இடங்கள்தான் உங்கள் பாடம். கெட்ட வார்த்தைகளும் நிறைய வரும். 2014 ஜூலை 1 முதல் திரையரங்கப் படங்களில் அவற்றுக்குச் சட்டப்படி தடை இருப்பதால், படம் மட்டும் பார்த்துப் பழகியவருக்கு அவை தெரியவே தெரியாது. தெரிந்துகொள்வது நல்லது, ஆனால் வாயில் வேண்டாம். வெளிநாட்டவர் எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று தெரியாமல் சொன்னால் சபை நொடியில் கசந்துவிடும்.

செய்தி, பாட்டு இரண்டையும் விரைவாகத் தாண்டிவிடலாம். செய்தி வாசிப்பவரைப் போல வீட்டில் யாரும் பேசுவதில்லை. பாட்டில் சொல் மெட்டுக்கு வளையும், சோவியத் காலப் பாடகர் விஸோத்ஸ்கி மெய்யெழுத்தையே இழுத்துப் பாடுவார். ஹாலிவுட் படங்களின் ரஷ்ய டப்பிங்கோ உதட்டசைவுக்காக ஒடித்து வளைத்த மொழி.

சரி, நேரே அங்கே போய் இருந்துவிட்டால்? போனால் தானாக வந்துவிடும் என்பதில்தான் எனக்குப் பெரிய சந்தேகம். கூர்ஸ்க், கசான், வல்கக்ராத் மருத்துவக் கல்லூரிகளில் நம் மாணவர்களில் பலர் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். ஹாஸ்டலில் அறைத் தோழர் மதுரை, பக்கத்து அறை திருவனந்தபுரம், பொதுச் சமையலறையில் ரசம் கொதிக்கும். ரஷ்ய மொழி வகுப்பு உண்டு, தேர்வும் உண்டு, பேச வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை. மூன்றாம் ஆண்டுவாக்கில் நோயாளிகள் முன்னால் போய் நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும். "உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்பதை மாணவர் மனப்பாடமாகக் கேட்டுவிடுவார். பாட்டியின் பதில்தான் கஷ்டம்: "தவ்லேனிய ஸ்காச்செத்", பிரஷர் எகிறிக் குதிக்கிறதாம். மாத்திரை 'தப்லேதச்க' ஆகும், ஊசி 'உகோல்ச்சிக்' ஆகும், தண்ணீர் 'வதீச்க' ஆகும். இந்தச் செல்லச் சுருக்கங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம்தான், பாட்டிமாரின் வாயிலோ வரிக்கு ஒன்று.

ஆனால் அந்த ஊர் வாழ்க்கை சொல்லித்தருவதை எந்த வீடியோவும் சொல்லித்தராது. பாலிகிளினிக் தாழ்வாரத்தில் வரிசை என்று எதுவும் நிற்காது. ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். நுழைந்ததும் பொதுவாக "க்தோ பஸ்லேத்னிய்?" என்று கேட்க வேண்டும், கடைசி ஆள் யார் என்று. ஒருவர் கையசைப்பார். "யா ஸா வாமி", நான் உங்களுக்குப் பின்னால் என்று சொல்லிவிட்டு எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம், உங்கள் இடம் பத்திரம். பிறகு ஒருவர் "ம்நியே தோல்க ஸ்பரஸீத்" என்றபடி கதவை நோக்கி நடப்பார். சும்மா ஒன்று கேட்கத்தான் என்கிறார். அத்தனை பேரும் ஒரே குரலில் கத்துவார்கள். இந்தச் சண்டையில் ஒரு வரி கலந்துகொள்ள முடிந்தால் உங்கள் ரஷ்யன் தேறிவிட்டது.

ஹாஸ்டலுக்கு மாற்றாக நான் சொல்வது பிளாட்ஸ்கார்ட் ரயில் பெட்டி. நம் ஸ்லீப்பர் கோச்சைப்போலத் தடுப்புக் கதவில்லாத பெட்டி, 54 படுக்கைகள். மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரை 9,288 கிலோமீட்டர், ஒரு வாரம் போலாகும். அவ்வளவு வேண்டாம், மாஸ்கோ–கசான் ஓர் இரவு போதும். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் உலோகப் பிடி வைத்த கண்ணாடி டம்ளரில் தேநீர் தருவார். எதிர் படுக்கைக்காரர் அவித்த முட்டையைப் பிரித்து நீட்டுவார். எங்கிருந்து வருகிறாய், என்ன படிக்கிறாய், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேள்வி வரும். ஐம்பதைத் தாண்டியவர் என்றால் அங்கே பிரபலமான இந்தி நடிகர் மிதுன் சக்ரவர்த்தி பெயரும் வரும். தப்பிக்க வழியில்லை, விடியும்வரை பேசித்தான் ஆக வேண்டும். வீடியோவுக்கு இல்லாத குணம் இது: நீங்கள் உளறினால் எதிராளியின் முகம் காட்டிக்கொடுத்துவிடும், திருப்பிச் சொல்லவும் வைப்பார்.

ரஷ்யாதான் வேண்டும் என்பதும் இல்லை. பிஷ்கெக், அல்மாத்தி நகரங்களில் தெருவில் ரஷ்யன் தாராளமாகப் புழங்குகிறது. அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிய இரண்டு மாதம், மாஸ்கோவில் இந்தியர்களோடு தங்கிய இரண்டு வருடத்தைவிடப் பலன் தரும் என்பது என் கணிப்பு. ஆனால் காது பழகாமல் போனால் அங்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். ஒரு பேட்டியில் பாதியாவது புரிகிற நிலை வந்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள். அதுவரை சென்னைக்காரர்களுக்கு ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் ரஷ்யக் கலாச்சார மையம் இருக்கிறது, மொழி வகுப்பும் நடத்துகிறார்கள்.

மருத்துவச் சீட்டு உறுதியாகிக் கிளம்பக் காத்திருப்பவருக்கு இவ்வளவு நிதானம் கிடையாது. அவர் 'இன்டெர்னி'யில் பத்து எபிசோடை ரஷ்ய சப்டைட்டிலோடு இரண்டு முறை பார்த்துவிட்டுப் போகட்டும். போனதும் ஹாஸ்டலில் ரஷ்ய மாணவரோடு அறை கேட்டுப் பார்க்கட்டும். கிடைக்காமலும் போகலாம், கேட்பதில் தப்பில்லை.