டியூனர் கார்டைப் பழுது பார்க்கக் கொடுக்கும் முன் சிப் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

கணினியில் தொலைக்காட்சி பார்க்கப் பயன்படுத்திவந்த டியூனர் கார்டைப் படக் கோளாறுக்காக ஒரு கடையில் பழுது பார்க்கக் கொடுத்தேன். கோளாறு அப்படியே இருந்தது. கார்டு மட்டும் வேறொன்றாகத் திரும்பி வந்தது. பழைய அனலாக் கேபிள் இணைப்பில் இத்தகைய கார்டுகளை இன்றும் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

சில சேனல்களில், குறிப்பாக அலைவெண் கூடியவற்றில், படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது; வேறு சிலவற்றில் உருவங்களுக்குப் பக்கத்தில் மங்கலான நிழலும் விழுந்தது. கடைக்காரர் கேபிளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், "டியூனர் பலவீனமாகிவிட்டது, சிப்பின் நிறப் பகுதியும் போய்விட்டது" என்று சொல்லி, சான்றாகத் தம் கணினியில் கறுப்பு வெள்ளையில் ஓடிய படத்தைக் காட்டினார். என் வீட்டில் நிறம் ஒருபோதும் போனதில்லை. கடைக் கணினியில் நிறுவப்பட்டிருந்த மென்பொருள், அமெரிக்க ஒளிபரப்பு முறையான என்டிஎஸ்சியில் (NTSC) வைக்கப்பட்டிருந்ததே அந்தக் கறுப்பு வெள்ளைக்குக் காரணம் என்று பின்னால் புரிந்தது. நம் ஊர்க் கேபிளில் வரும் பால் (PAL) முறை ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு 625 வரிகள், நிறத்தைச் சுமந்துவரும் துணை அலை ஏறத்தாழ 4.43 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சியில் 525 வரிகள், 3.58 மெகாஹெர்ட்ஸ். முறை மாறினால் எவ்வளவு நல்ல கார்டும் நிறத்தைத் தவறவிடும். அமைப்புப் பக்கத்தில் ஒரே ஒரு தேர்வை மாற்றினால் சரியாகிவிடும் ஒன்றைச் சிப்பின் மரணமாகக் காட்டியதைத் திறமை என்பதா, துணிச்சல் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

கார்டில் சேனல்களைப் பிடிக்கும் பகுதியான டியூனர் பெட்டியை மாற்றியதாகக் கூறிக் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் பொருத்தியபோது புள்ளிகள் அப்படியே இருந்தன. அதோடு ஒலியும் நின்றுபோயிருந்தது. கேட்டதற்குப் புதிய சவுண்ட் கார்டு வாங்க வேண்டும் என்றார்கள். அதன் பிறகுதான் கணினியின் வன்பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கார்டின் அடையாள எண்ணைப் பார்த்தேன். தயாரிப்பாளர் எண் 1131 சரியாகவே இருந்தது. அது பிலிப்ஸ் நிறுவனத்துக்குரியது. ஆனால் சிப் எண் 7134 என்று இருக்க வேண்டிய இடத்தில் 7130 என்று இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, புதிய வன்பொருள் நிறுவப்படும்போதெல்லாம் விண்டோஸ் கோப்புறையில் உள்ள செட்அப் ஏபிஐ பதிவுக் கோப்பில் அந்த எண்ணை எழுதிவைக்கும். அதில் முதலில் 7134 நிறுவப்பட்டதும், பழுது பார்த்து வந்தபின் 7130 நிறுவப்பட்டதும் தெளிவாகவே பதிவாகியிருந்தன.

இரண்டு சிப்களிலும் படத்தைப் பெறும் பகுதி ஏறத்தாழ ஒன்றே என்பதால் திரையைப் பார்த்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. 7134 ஒலியையும் பிரித்து, கார்டு செருகப்பட்டுள்ள பிசிஐ இணைப்பு வழியாகவே கணினிக்கு அனுப்பும். 7130க்கு அந்த வசதி இல்லை, எனவே கார்டிலிருந்து சவுண்ட் கார்டின் லைன் இன் துளைக்குத் தனியாக ஒரு கம்பி போட வேண்டும். சவுண்ட் கார்டில் ஒரு குறையும் இல்லை.

உண்மையான படக் கோளாறு எங்கிருந்தது என்பதைக் கண்டுபிடிக்க அதிக வேலை தேவைப்படவில்லை. டிவிடி பிளேயரை, டியூனரைத் தொடாமல் படத்தை நேராகச் சிப்புக்குக் கொடுக்கும் கம்போசிட் துளையில் இணைத்தேன்; படம் துல்லியமாக இருந்தது. அப்படியானால் சிப் நன்றாகவே வேலை செய்கிறது, குறை டியூனரிலோ கேபிளிலோ இருக்க வேண்டும். அடுத்து, கேபிளைப் பல வழிகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு, உள்ளே வரும் கேபிளை நேராகக் கார்டில் செருகியதும் புள்ளிகளும் மறைந்தன, நிழலும் போயிற்று. நான்கு வழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு வழியிலும் சுமார் 7 டெசிபெல் சிக்னலை விழுங்கும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு திறன்தான் மிஞ்சும். இரு வழி என்றால் இழப்பு சுமார் 3.5 டெசிபெல்தான். அலைவெண் கூடக்கூடக் கேபிளிலும் இழப்பு கூடும் என்பதால்தான் அந்தச் சேனல்கள் முதலில் கெட்டன. ஸ்ப்ளிட்டரில் பயன்படுத்தாத துளைகளை 75 ஓம் மின்தடை கொண்ட மூடியால் அடைக்காமல் விட்டால் சிக்னல் திரும்பி எதிரொலித்து நிழலாகத் தெரியும். கடைக்காரர் கேபிளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாலே இது அன்றே வெளிப்பட்டிருக்கும்.

பதிவுக் கோப்பின் நகலோடு போய்க் கேட்டபோது, "எல்லாம் ஒரே மாடல்தான்" என்ற பதிலே கிடைத்தது. கழற்றியதாகச் சொன்ன பழைய டியூனர் பெட்டியைக் காட்டச் சொன்னேன், அதுவும் வரவில்லை. ரசீதில் "கார்டு சர்வீஸ்" என்று மட்டுமே எழுதியிருந்ததால் அவர்கள் மேல் எதையும் நிறுவ என்னால் முடியவில்லை. எனவே கொடுக்கும்போதே சிப் எண்ணையும் பலகையில் ஒட்டியுள்ள வரிசை எண்ணையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் கார்டைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.