டால்போ-லாகோ டி26சி, கார்டினி டி16: இரு பிரெஞ்சு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள்

போருக்குப் பிந்தைய பிரான்சின் இந்த இரண்டு நீல வண்ணக் கார்களுள் 1948இல் களமிறங்கிய டால்போ-லாகோவின் பலம் வேகத்தில் அன்று, தாக்குப்பிடிக்கும் தன்மையில் இருந்தது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்தும் சூப்பர்சார்ஜர் இல்லாத அதன் 4.5 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின், எதிரணியின் 1.5 லிட்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சின்களைவிட மிகக் குறைவாகவே எரிபொருள் குடித்தது. 1949 பெல்ஜியம் கிராண்ட் பிரி பந்தயத்தில் ஃபெராரிகள் எரிபொருளுக்காக நின்றுகொண்டிருக்க, லூயி ரோசியே டால்போவை ஒருமுறைகூட நிறுத்தாமல் ஓட்டி வென்றது இதனால்தான். அதன் வில்சன் கியர் பெட்டியும் தனி ரகம்: அடுத்த கியரைச் சிறு நெம்புகோலால் முன்கூட்டியே தேர்ந்துவைத்துவிட்டு, வேண்டிய நொடியில் மிதியை அழுத்தினால் போதும்.

அமெடே கார்டினியின் பாரிஸ் பட்டறையில் உருவான டி16 இதற்கு நேர்மாறானது. 2 லிட்டர் எஞ்சின், டால்போவின் எடையில் ஏறத்தாழப் பாதி. 1952இல் ரெய்ம்ஸ் பந்தயத்தில் ழான் பெரா இதே காரில் ஃபெராரிகளை முந்தி வென்றார். ஆனால் உலகச் சாம்பியன்ஷிப் கணக்கில் அப்பந்தயம் சேரவில்லை என்பது கார்டினியின் துரதிர்ஷ்டம். பணத் தட்டுப்பாட்டால் உதிரி பாகங்களைப் புதுப்பிக்க இயலாமல், அக்கார்கள் பல பந்தயங்களைப் பாதியிலேயே கைவிட்டன.

வளைவுகள் மிகுந்த குறுகிய தடத்தில் ஒரு சுற்று மட்டும் ஓட்டக் கிடைத்தால் நான் கார்டினியையே கேட்பேன். 500 கிலோமீட்டர் ஓடி முடிக்க வேண்டுமென்றால், யோசிக்காமல் டால்போவில் ஏறிவிடுவேன்.