சாவு நடந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்: நார்னியாவா, டெரபிதியாவா, மொன்ஸ்டரா?

வீட்டில ஒரு இழப்பு நடந்த பிள்ளைக்கு ஒரு பேன்டஸி கதைப்புத்தகம் சொல்லுங்கோ, கொஞ்சம் கோயில் குளம் வேதம் தெரிஞ்ச பாத்திரங்கள் இருந்தா நல்லம் எண்டு கேட்டா, கொழும்பில கனபேர் யோசிக்காமலே நார்னியாக் கதைவரிசையைத்தான் தூக்கிக் குடுப்பினம். நான் முதல் புத்தகமா அதைக் குடுக்கமாட்டன். ஏனெண்டு சொல்றன், கதை முடிவுகளும் வரும், பிறகு ஏசவேண்டாம்.

நார்னியாவில துக்கம் எண்டா 1955ல வந்த 'தி மஜிஷியன்ஸ் நெஃப்யூ' தான். டிகரி எண்ட பெடியன்ட அம்மா சாகக் கிடக்கிறா. அவன் அஸ்லானிட்ட, அந்தக் கதையில கடவுள் மாதிரி வாற சிங்கத்திட்ட, போய் அம்மாவைச் சுகமாக்கச் சொல்லிக் கெஞ்சிப்போட்டு நிமிந்து பாத்தா சிங்கத்தின்ட கண்ணிலயும் தண்ணி. சத்தியமா, கடவுள் அழுறதை ஒரு பிரசங்கத்திலயும் இவ்வளவு கிட்டத்தில நான் கேட்டதில்ல. ஆனா பிறகு அஸ்லான் ஒரு ஆப்பிள் குடுக்குது, அம்மா எழும்பிடுறா. எழுதின சி. எஸ். லூயிஸுக்கு 9 வயசா இருக்கேக்க, 1908ல, அவற்ற அம்மா கான்சரில போயிட்டா, அவருக்கு ஒரு ஆப்பிளும் வரேல்ல. அது தெரிஞ்சு வாசிக்கிற பெரியாக்களுக்கு நெஞ்சு அடைக்கும். ஆனா மகரகம கான்சர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து கடைசியில அம்மாவைப் பறிகுடுத்த பிள்ளை, டிகரி சொல்வழி கேட்டான் அம்மா பிழைச்சா, அப்ப நான் என்ன பிழை செய்தன் எண்டுதானே யோசிக்கும்?

அந்தப் பிழை எண்ட இடத்தில 'எ மொன்ஸ்டர் கோல்ஸ்' நேரா கை வைக்குது. 2011ல பேட்ரிக் நெஸ் எழுதினது, ஐடியா ஷவோன் டவுட் எண்டவவின்ட, அவவும் கான்சரில 2007ல இறந்துட்டா. கோயில் சேமக்காலையில நிக்கிற யூ மரம் ராவில மொன்ஸ்டரா எழும்பி வந்து, அம்மா சாகக் கிடக்கிற கோனர் எண்ட பெடியனுக்குக் கதை சொல்லுது, அதில ஒரு கதையில போதகர் ஒருத்தர் வாறார், ஊர் வைத்தியரை வேலை செய்ய விடாமத் துரத்திப்போட்டு தன்ட பிள்ளைகளுக்கு வருத்தம் வந்தோண்ண நம்பினது எல்லாத்தையும் விட்டுடுறன், காப்பாத்து எண்டு அவரிட்டயே ஓடுறார். சில அங்கிள்மாருக்கு இது பிடிக்காது. ஆனா புத்தகத்தின்ட சாரம் வேற: அம்மா சாகக்கூடாது எண்டும், இந்தப் பாடு ஒருக்கா முடிஞ்சாக் காணும் எண்டும் ஒரே மனசில நினைச்ச பிள்ளையின்ட குற்ற உணர்வு. அதை வாய்விட்டுச் சொல்ல விடுற புத்தகம் வேற எனக்குத் தெரியாது. ஜிம் கேயின்ட கறுப்புப் படங்கள் கொஞ்சம் பயங்கரம், சின்ன ஆக்களுக்கு வேண்டாம்.

என்ட கட்சி 'பிரிட்ஜ் டு டெரபிதியா'. 1977, கேத்தரின் பேட்டர்சன். மிஷனரி வீட்டில பிறந்தவ, போதகரைக் கலியாணம் கட்டினவ, மகன்ட எட்டு வயசுக் கூட்டாளிப் பிள்ளை மின்னல் அடிச்சு இறந்த பிறகு எழுதினது. அதைப் படமா எடுத்ததின்ட டிரெய்லரைப் பாத்து பூதமும் சண்டையும் எண்டு நம்பிப் போனா ஏமாறுவீங்கள், டெரபிதியா எண்டது ஜெஸ், லெஸ்லி எண்ட ரெண்டு கூட்டாளிப் பிள்ளையள் காட்டுக்குள்ள தாங்களே கட்டின ராச்சியம், மந்திரமெல்லாம் அவையின்ட தலைக்குள்ளதான். அதில லெஸ்லி ஈஸ்டருக்கு ஜெஸ் வீட்டாக்களோட கோயிலுக்குப் போறா, அவவின்ட வீட்டில சாமி நம்பிக்கை எல்லாம் இல்ல, ஆனா யேசுவின்ட கதை அவ்வளவு வடிவா இருக்கு எண்டு சொல்றா, கேட்டுக்கொண்டிருந்த ஜெஸ்ஸின்ட தங்கச்சி மே பெல் வேதத்தை நம்பாட்டி நரகம், நீ செத்தா என்ன செய்வாய் எண்டு பயந்து கேக்குது. பிறகு ஓடையைத் தாண்டத் தொங்கி ஆடுற கயிறு அறுந்து லெஸ்லி ஓடையில செத்துப்போறா. அப்ப ஜெஸ்ஸுக்கு அந்தப் பயம்தான் வருது, அப்பாவிட்ட கேக்கிறான், எப்பவும் சிடுசிடுக்கிற அந்த மனுசன் கடவுள் சின்னப் பிள்ளையளை நரகத்துக்கு அனுப்பமாட்டார் எண்டு ஒரு வரியில முடிக்கிறார்.

கொட்டாஞ்சேனையில, வத்தளையில, வெள்ளவத்தையில வளர்ற எங்கட பிள்ளையளுக்கு இது பக்கத்து மேசைக் கேள்வி. வகுப்பில ஒரு பக்கம் சைவப் பிள்ளை, மற்றப் பக்கம் முஸ்லிம் பிள்ளை, ஞாயிறு மறைக்கல்வியில ஆரோ ஒரு அன்ரி ஞானஸ்நானம் இல்லாட்டி மோட்சம் இல்ல எண்டு சொல்லிவிட்டா, அம்மம்மா சைவமாவே செத்த பிள்ளைக்கு எப்பிடி இருக்கும்? நார்னியா இந்தக் கேள்விக்கு வேற புத்தகத்தில சுத்திவளைச்சுப் பதில் சொல்லும். இதில அப்பா பக்கத்தில இருந்து சொல்றார். ஜெஸ் ஆத்திரத்தில லெஸ்லி குடுத்த பெயின்ட் டப்பாவை ஓடையில எறியிறதும், தான் வெளிய போன அண்டைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகேல்ல எண்டு தன்னைத் தின்னுறதும் அப்பிடியே உண்மை.

குறை இல்லாம இல்ல. நடுப்பகுதி வரைக்கும் அமெரிக்க கிராமத்துப் பள்ளிக்கூட வாய்த்தர்க்கம், பொறுமை வேணும், கெட்ட வார்த்தையும் இருக்கு. கொச்சிக்கடைப் பக்கம் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில ஆரையும் இழந்த வீடெண்டா அந்த ஈஸ்டர் அத்தியாயத்தை நீங்க முதல் வாசிச்சுப் பாருங்கோ, பிள்ளையைத் தனிய விடாதேங்கோ.

அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில எண்டா, பத்து பன்னிரண்டு வயசுக்கு மேல, மொன்ஸ்டர். கூட்டாளியோ அம்மம்மாவோ திடீரெண்டு போயிட்டா டெரபிதியா. நார்னியாவை ஒரு வருசம் கழிச்சுக் குடுங்கோ, சிங்கம் அழுற பக்கம் அப்பதான் வேலை செய்யும்.