"வரவே வேண்டாம்" என்று சொல்லும் பி.எட். கல்லூரியில் சேராதீர்கள்

போன வாரம் என் நாத்தனாருக்கு ஒரு போன். "தங்கச்சி, நீ காலேஜுக்கு வரவே வேண்டாம்மா. பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதும்." சில வருடங்களுக்கு முன் ஒரு புரோக்கர் என்னிடம் விட்ட அதே வசனம். அதனால்தான் இந்தப் பதிவு.

அப்போது எம்.எஸ்சி. கணிதம் முடித்திருந்தேன், கையில் இரண்டு வயதுக் குழந்தை. கல்லூரி மூன்று மணி நேரப் பயணத்தில். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 55,000 ரூபாய் என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பி.எட்.டுக்கு என்.சி.டி.இ. (ஆசிரியர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) விதிப்படி வகுப்பில் 80 சதவீதம், பள்ளிப் பயிற்சியில் 90 சதவீதம் வருகை வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் சேர்ந்தேன். பிறகு வாயைத் திறக்க முடியாமல் போனதும் அதனால்தான்.

முதல் பரீட்சைக்குப் பணம் கட்டப் போனால், வருகைக் குறைவுக்கு 10,000 என்றார்கள். வராதே என்றவர்களே வராததற்கு அபராதம் போட்டார்கள்! ரெக்கார்டுக்கு 6,000. செய்முறைத் தேர்வுக்கு வருபவர்களைக் 'கவனிக்க' 5,000. இதற்கெல்லாம் ரசீது கிடையாது. புகார் கொடுக்கலாம்தான். "நீங்க வகுப்புக்குப் போனீங்களா?" என்று திருப்பிக் கேட்டால்?

சரிபார்க்க என்று வாங்கிய அசல் சான்றிதழ்களும் அவர்களிடமே இருந்தன. ஒரு வேலைக்காகக் கேட்டபோது, இரண்டாம் வருடக் கட்டணத்தை முழுசாகக் கட்டச் சொன்னார்கள். அசலைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே சொல்லியிருக்கிறது. ஆபீஸ் கிளார்க்கிடம் அதைச் சொன்னேன், சிரித்தார். நகையை அடகு வைத்துக் கட்டினேன்.

பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளியில் பாடம் எடுத்துப் பழக வேண்டும். நான் போனது மூன்று நாள். மீதிக்குக் கையெழுத்து வந்துவிட்டது. படிப்பு முடிந்து ஒரு மெட்ரிக் பள்ளியில் டெமோ வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம், பல்லுறுப்புக் கோவையின் படி (மாறியின் உயர்ந்த அடுக்கு). "மிஸ், மற்ற எண்ணுக்கெல்லாம் படி பூச்சியம்னா, பூச்சியத்துக்கு மட்டும் ஏன் படி இல்லை?" என்று ஒரு பெண் கேட்டாள். விடை எனக்குத் தெரியும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முகத்தைப் பார்க்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். வேலை கிடைக்கவில்லை, சரியாகத்தான் செய்தார்கள்.

நாத்தனாரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். சேருமுன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலை நாளில் கல்லூரிக்குப் போய், வகுப்பில் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். என்.சி.டி.இ. அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 50 பேர் ஒரு யூனிட், எத்தனை யூனிட்டுக்கு அனுமதி என்று அதில் இருக்கும். பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்று கேட்டு, போன வருடம் அங்கே போனவரிடம் பேசுங்கள். "தபாலில் முடிச்சிடலாம்" என்பவரையும் நம்ப வேண்டாம். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான். அசலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

நாத்தனார் அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டாள். நேற்று வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள்.