ஓடுதா, நின்னு போச்சா? எஸ்க்யூஎல் சர்வரோடு குப்பை கொட்டிய அனுபவம்

பாளையங்கோட்டை நண்பன் நேற்று கேட்டான்: "ஏலே மக்கா, புரொசீஜருக்குள்ள பிரிண்ட் போட்டா ஏன் எல்லாம் கடைசியில மொத்தமா வந்து விழுது?" அவன் சொல்வது மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரை. புரொசீஜர் என்றால் அதில் சேமித்து வைத்து ஓட்டுகிற கட்டளைத் தொகுப்பு, பிரிண்ட் என்றால் ஓடும்போது செய்தி காட்டச் சொல்லும் கட்டளை. பல வருஷமாக இதோடு மல்லுக்கட்டுகிறவன் ஆச்சே என்று பதில் எழுத உட்கார்ந்தால், திட்டுதான் முதலில் வருகிறது.

பிரிண்ட் செய்தியை சர்வர் உடனே அனுப்பாது. செய்திகளைத் தேக்கி வைக்கிற பஃபர் நிரம்ப வேண்டும், இல்லையா, ஓட்டம் முடிய வேண்டும். டவுன் ரத வீதியில் ஒரு மொத்தக் கடைக்கு மார்ச் 31 கணக்கு முடிக்கிற புரொசீஜரை ஓட்டும்போது முதலாளி அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "தம்பி, ஓடுதா, நின்னு போச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல! சந்தேகத்தில் பாதியில் நிறுத்தினால் செய்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கிற ரோல்பேக் அதற்கு மேல் இழுக்கும்.

இதற்கு மருந்து ரெய்ஸ்எரர், பிழைச் செய்தி அனுப்புகிற கட்டளை. சிவியாரிட்டி (பிழையின் தீவிரம்) 0, அதாவது வெறும் தகவல் என்று கொடுத்து, கடைசியில் வித் நோவெயிட் (காத்திருக்காதே) சேர்த்தால் வரி அப்போதே திரைக்கு வந்துவிடும், பஃபரில் ஏற்கெனவே தேங்கிக் கிடந்த பிரிண்டுகளும் கூடவே வரும். 'ஸ்டாக் முடிந்தது, பாக்கிப் பட்டியல் தொடங்குகிறது' என்று ஒவ்வொன்றாக விழ, அண்ணாச்சியே வாசித்துவிட்டு டீ சொல்லப் போய்விடுவார். அந்த நிம்மதிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், உண்மையிலேயே.

அப்புறம்தான் எரிச்சல். நேரத்தைக் காட்ட, இப்போதைய நேரத்தைத் தருகிற கெட்டேட்டை ரெய்ஸ்எரருக்கு உள்ளேயே கூப்பிட முடியாது, பிளஸ் போட்டு ஒட்டவும் முடியாது, முதலில் ஒரு வேரியபிளில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். 40% முடிந்தது என்று சொல்ல சதவீதக் குறியை இரட்டையாக எழுத வேண்டும், முன்னேற்றம் காட்டத்தான் எல்லாரும் இதைத் தேடி வருகிறார்கள் என்று தெரியாதா? லூப்புக்குள் வைத்து 500 செய்தியைத் தாண்டினால் இதையெல்லாம் ஓட்டிப் பார்க்கிற மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ 50 சேர்ந்த பிறகுதான் காட்டும். 2012-இல் த்ரோ என்ற புதுப் பிழைக் கட்டளை வந்தது, புதிய கோடுக்கு அதையே எழுதச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட், ஆனால் அதில் நோவெயிட்டே கிடையாது! பேக்கப் எடுத்தால் சர்வரே சதவீதம் சொல்லும், நம் புரொசீஜருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்னொரு தரவுத்தளமான ஆரக்கிளில் செய்தி காட்டுகிற டிபிஎம்எஸ் அவுட்புட்டும் கடைசியில்தான் வாய் திறக்கும், அதனால் எஸ்க்யூஎல் சர்வர் மட்டும் மோசம் என்று சொல்ல மாட்டேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் செய்தி காட்ட ரெய்ஸ் நோட்டீஸ் என்று ஒரு வரி, உடனே வரும். சரி, புதிதாகத் தொடங்குகிறவன் நேராக அங்கே போய்விடு மக்கா. நான் வருவதாக இல்லை.